நிய்யத்து வைத்த கை

மண்ணெண்ணெய்க்குக் கேனை வைத்துவிட்டு வரிசையில் நின்ற காலம் முடிந்து, இயந்திரத் தோணிகள் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கிய கிழமையில்தான் எனக்கு வாதம் அடித்தது. தேதி கேட்டால் தெரியாது. கிழமை மட்டும் நிச்சயம். ஏனென்றால் அன்று காலை கல்முனைக்குடிக் கரையில் கீரிமீன் குவிந்து கிடந்தது. மாதக்கணக்காகப் பருப்பையும் சம்பலையும் தின்று நாக்குச் செத்துப்போன சனம், பையும் சட்டியுமாக ஓடி வந்தது. நானும் போனேன். வலை இழுக்கிற வயது போய் நெடுங்காலம். சும்மா பார்க்கத்தான் போனேன்.

தெரிந்த பையன் ஒருவன் ஒரு கோர்வை மீனை என் வலது கையில் தந்தான். வாங்கினேன். மீன் மணலில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். திரும்பவும் விழுந்தது. வழுக்குகிறது என்று நான் மீனைத்தான் ஏசினேன். அடுத்த தரம் குனிந்தபோது நானே விழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வாய் கொஞ்சம் கோணியிருந்தது. வலது கால் மரக்கட்டை. வலது கை, அதை எப்படிச் சொல்ல, யாரோ தூங்குகிற மனிதனின் கையை எடுத்து என் பக்கத்தில் படுக்க வைத்தது போல இருந்தது. வாயும் காலும் மெல்ல மெல்லச் சரி வந்தன. கை வரவில்லை.

அந்த நேரம் என் பேத்தியின் கலியாணம் பேசி முடித்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வைப்பது என்று பேச்சு. எனக்கு அதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கலியாணத்துச் சகனில் இருந்து வலது கையால் சாப்பிட வேண்டும்.

வெளியூர் ஆட்கள் இதை வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் பாயில் ஆறு பேர் வட்டமாக இருப்பார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டம், அதில் சோறு, சோற்றுக்கு மேலே இறைச்சியும் கோழியும். அதுதான் சகன். ஆறு பேரும் அந்த ஒரே தட்டத்தில் கை வைத்து, தன் தன் முன்னால் இருப்பதைத் தின்று நடுவுக்கு வருவார்கள். அந்த வட்டத்தில் மூத்தவர் கை வைக்கும்வரை மற்றவர்கள் கை வைப்பதில்லை. இடது கை அந்தத் தட்டத்துக்குள் வருவதும் இல்லை. ஏலாதவன் இடது கையால் தின்றால் குற்றமில்லை என்று பள்ளி இமாம் வந்து பார்த்தபோது சொன்னார். எனக்கும் அது தெரியும். குற்றமில்லை என்பது வேறு, மற்ற ஐந்து பேர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க இடது கையை விடுவது வேறு. என் மனைவி தனியாக ஒரு பீங்கானில் போட்டு, கரண்டியும் வைத்து, அறைக்குள் கொண்டுவந்து தருகிறேன் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முழுக்க அவளோடு கதைக்க மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் ஒலுவிலில் சில்லறைக் கடை வைத்திருந்தவர் ஒருவர் கிடந்தார். என்னைவிட வயது குறைந்தவர், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். அவருக்கு வாதத்தில் இடது கை போயிருந்தது. இடது கைதானே, சோறு தின்ன வலது கை இருக்கிறதே என்று நான் ஆறுதல் சொன்னேன். "சாமானைச் சுத்திக் கட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணுமே காக்கா" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கை என்று விட்டுவிட்டேன்.

கைகால் பயிற்சி தருகிற பிள்ளை காரைதீவுப் பக்கம், எங்கள் மார்க்கம் இல்லை. பிசியோ மிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என்னை ஐயா என்பாள். தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுளூவோடு இருக்கிற நேரத்தில் அந்நியப் பெண்ணின் கை பட்டால் எனக்குத் திரும்பவும் வுளூச் செய்ய வேண்டும் என்று ஒரு தரம் தயங்கிச் சொன்னேன். அடுத்த நாளில் இருந்து கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நாளில் இருந்து அவள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. தட்டாமல் விட்டதில்தான் பெரிய பிழை வந்தது.

முதலில் என் கையை அவளே பிடித்து மடக்கினாள், நீட்டினாள். பிறகு அதைத் தலையணைக்கு மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப கையைத் தூக்க வேணாம் ஐயா. தூக்கிற மாதிரி மனசுக்குள்ள நினைங்க. ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கொண்டு வாங்க."

ஓம் மகள் என்றேன். எனக்கு நன்றாக விளங்கியது என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு ஒரு காரியத்தை மனதுக்குள் நினைப்பது என்றால் நிய்யத்து. தொழப் போனால் நிய்யத்து, நோன்பு பிடித்தால் நிய்யத்து. இன்னதை அல்லாஹ்வுக்காகச் செய்யப் போகிறேன் என்று உள்ளத்தில் கொண்டு வந்து, வாயாலும் சொல்லி, அதற்குப் பிறகுதான் காரியத்தைத் தொடங்குவோம். நோன்பு மாதத்தில் பள்ளி ஒலிபெருக்கியில் நிய்யத்துச் சொல்லித் தர, தெருவே சேர்ந்து திருப்பிச் சொல்லும். அதனால் நான் கண்ணை மூடிக்கொண்டு, என் வலது கையை உயர்த்த நிய்யத்து வைக்கிறேன் என்று உதட்டுக்குள் சொல்வேன். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கை வராது. சரியாக வைக்கவில்லைபோலும் என்று திரும்பவும் வைப்பேன்.

என் உதடு அசைவதை அவள் கண்டிருக்கிறாள். ஐயா எதையோ ஓதுகிறார் என்று எண்ணி, நான் முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நிற்பாள். அவள் என் ஓதலுக்கு மரியாதை தந்தாள். நான் அவள் வைத்தியத்துக்கு மரியாதை தந்தேன். கை எங்கள் இரண்டு பேரையும் மதிக்கவில்லை.

ஒலுவில்காரர் இதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அவருக்கும் அதே பயிற்சியைத்தான் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நினைச்சா வாறதெண்டா நான் எப்பயோ கடையைத் திறந்திரிப்பன் காக்கா" என்றார். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்துப் போய்விட்டார். போகும்போது எனக்கு வலது கையால் ஸலாம் தந்தார். நான் இடது கையை நீட்டினேன். இரண்டும் பொருந்தவில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

என்னையும் வீட்டுக்கு விட்டார்கள். கிளினிக் நாட்களில் என் மச்சான், மனைவியின் தம்பி, ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். இளமையில் அவனும் நானும் ஒரே கரைவலையில் ஒரே கயிற்றில் முன்னும் பின்னுமாக நின்றவர்கள். அவனுக்கு என் முதுகு தெரியும், எனக்கு அவன் வாய் தெரியும். ஒருநாள் மிஸ் வழக்கம்போல என்னை நினைக்கச் சொன்னாள். நான் வழக்கம்போல உதட்டை அசைத்தேன். அவள் தலையைக் குனிந்தாள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன புள்ள குனிஞ்சிக்கி நிக்கிறீங்க? இவர் ஓதல்ல. கைக்கி நிய்யத்து வெக்கிறார்."

"நிய்யத்து எண்டா என்ன?" என்று கேட்டாள்.

மச்சான் விளக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தாள்.

"பிழை என்னிலதான் ஐயா. நினைங்க எண்டன், எப்பிடி நினைக்கிற எண்டு சொல்லித் தரல்ல. தூக்கப் போறன் எண்டு சொல்லாதீங்க. தூக்குங்க. உள்ளுக்குள்ள தூக்குங்க. கை மட்டும் கிடந்த இடத்தில கிடக்கட்டும், மத்த எல்லாம் நடக்கட்டும்."

முயன்று பார்த்தேன். கண்ணை மூடினால் ஒரு கிழவன் கட்டிலில் இருந்து கையைத் தூக்குவது தெரிந்தது. அந்தக் கிழவன் நான்தான். ஆனால் நான் தூரத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கலியாண வீடியோ பார்ப்பதுபோல. அதைச் சொன்னபோது அது பார்ப்பது, செய்வதில்லை என்றாள். கையின் பாரம் தோளில் தெரிய வேண்டும், சட்டை உரசுவது தெரிய வேண்டும் என்றாள். கிழவனுக்குள் எப்படிப் புகுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போது மச்சான், இத்தனை நாளும் நிய்யத்தை வைத்துவிட்டுத் தொழாமலே வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்று பகடி பண்ணினான். அவன் பகடிக்குத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் என் மனதில் மாட்டிக்கொண்டது.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல நான் பெற்ற மகள்தான் எழுதுகிறாள். ஆனால் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனேன். அங்கே ஓதித் தருகிற லெவ்வை தொழுகைச் சட்டம் சொல்லித் தந்தார். நின்று தொழ ஏலாதவன் இருந்து தொழ வேண்டும். இருக்க ஏலாதவன் படுத்துத் தொழ வேண்டும். தலையை அசைக்க ஏலாவிட்டால் கண்ணால். கண்ணாலும் ஏலாவிட்டால் நிலையையும், குனிகிற ருகூவையும், நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதையும் கல்பு என்கிற உள்ளத்துக்குள்ளே ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போக வேண்டும். அறிவு இருக்கும்வரை தொழுகை விடாது. அப்போது எனக்கு அது பெரிய விளையாட்டாகத் தெரிந்தது. அசையாமல் கிடந்து எப்படிக் குனிவது? பாயில் படுத்துக்கொண்டு செய்து பார்த்தேன், தூங்கிவிட்டேன்.

வாட்டில் கிடந்தபோது அந்தச் சட்டம்தான் கை கொடுத்தது. முதல் நாட்களில் தலையைத் தூக்கவே ஏலாமல் முழுத் தொழுகையையும் கல்புக்குள்ளேதான் நடத்தினேன். பிறகு கதிரையில் இருந்து தொழத் தொடங்கினேன். இடது கை அதன் வேலையைச் செய்யும். வலது கையின் வேலையைக் கல்பு செய்யும்.

மச்சான் பகடி பண்ணிய அன்றைக்கு வீட்டில் பின்னேர அஸர் தொழ இருந்தேன். அல்லாஹு அக்பர் என்று இடது கை காதுவரை எழும்பியது. வலது கை மடியில் கிடந்தது. மடியில் கிடக்கும்போதே அதுவும் எழும்பியது. சட்டைக் கை வழுகி முழங்கைப் பக்கம் விழுந்தது எனக்குத் தெரிந்தது. சட்டை வழுகவே இல்லை. சுஜூதுக்குப் போனபோது பாயின் ஓலை இரண்டு உள்ளங்கையிலும் குத்தியது. நான் இருந்தது கதிரையில். பாய் என் காலடியில் சுருட்டிக் கிடந்தது. அங்கே தூரத்தில் நின்று பார்க்கிற ஆள் எவனும் இல்லை. கிழவனுக்குள் நானே இருந்தேன். இதைத்தானே அந்தப் பிள்ளை கேட்கிறாள் என்ற எண்ணம் வந்ததும், தொழுகைச் சுற்றில் எத்தனையாவது ரக்அத்து என்பது மறந்துபோயிற்று. குறைந்த கணக்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழுது முடித்தேன்.

அடுத்த கிளினிக்கில் அவளிடம் சொன்னேன்: "மகள், நீங்க கேட்டத்த நான் வாட்டுக்கு வந்த நாள்ளருந்து செய்றன். உங்களுக்கில்ல, அல்லாவுக்கு."

அவள் முழுக்க விசாரித்தாள். தொழுகையில் எந்தக் கை எப்போது எங்கே போகும், உள்ளே போகும்போது என்ன தெரியும், எல்லாவற்றையும் கேட்டாள். அங்கேயே ஒரு தரம் செய்யச் சொல்லி, கையுறை விரலை என் முன்கையில் வைத்துப் பார்த்தாள். வெளியில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஏமாற்றமாக இருந்தது. அப்படியென்றால் இது வெறும் எண்ணம்தானா, எண்ணம் தலைக்குள்ளேயே சுற்றிவிட்டுச் செத்துப்போகிறதா என்று கேட்டேன்.

இல்லை என்றாள். மேசையில் இருந்து ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியலை எடுத்தாள். வாதம் வந்த உடம்பில் இதைப் பார்ப்பது சரிவராது என்று மச்சானை உயரமான வாங்கில் ஏற்றி இருத்தினாள். அவன் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கப் போட்டான். முழங்காற் சில்லுக்குக் கீழே சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கால் கொஞ்சம் துள்ளியது. திரும்பவும் தட்டினாள். அதே துள்ளல். பிறகு, பந்தை உதைப்பதுபோல உள்ளுக்குள் செய்யுங்கள், கால் மட்டும் சும்மா கிடக்கட்டும் என்றாள். மச்சான் கண்ணை மூடினான். தட்டினாள். கால் அவள் கையுறையில் படுகிற அளவுக்குத் துள்ளியது.

"நான் உதைக்கல்ல" என்றான் மச்சான். "அல்லாமேல ஆணையா நான் உதைக்கல்ல."

"ஆர உதைச்சாய் மனசுக்குள்ள? பந்தையா?" என்று கேட்டேன்.

"ஒன்னத்தான்."

எல்லோருக்கும் இப்படித் தெரியாது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் வராது, உங்கள் மச்சானுக்கு நல்லாய் வந்துவிட்டது என்றாள் மிஸ். பிறகு எனக்கு விளங்கச் சொன்னாள். முழங்காலில் தட்டுகிற தட்டு மூளைவரை போய்க் கேட்டுக்கொண்டு வருவதில்லையாம். முதுகெலும்புக்குள்ளால் கயிறுபோல ஒரு நரம்பு இறங்குகிறது. அதுவரை போய், அங்கிருந்தே திரும்பி வந்து காலைத் துள்ள வைக்கிறதாம். ஒன்றும் நினைக்காதபோது ஒரு துள்ளல், உதைப்பதாக நினைத்தபோது பெரிய துள்ளல் என்றால், அந்த நினைப்பு தலைக்குள் மட்டும் நிற்கவில்லை, முதுகு நரம்புவரை இறங்கி அங்கே எதையோ தயார்ப்படுத்தி வைத்திருக்கிறது என்றுதான் எண்ண வேண்டுமாம்.

எனக்கு அன்றைக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. எண்ணம் என்பது புகைமாதிரி, அதற்கு இடமும் இல்லை வழியும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கழுத்தைத் தாண்டி முதுகெலும்புக்குள்ளால் இறங்கிப் போகிறதாம். வீட்டுக்கு வந்து மனைவியின் முதுகைத் தடவிப் பார்த்தேன். கிழவருக்கு மூளையும் போய்விட்டது என்று ஏசினாள்.

கரைவலையில் நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்போம். வலையின் மடி வெகுதூரத்தில் கடலுக்குள் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அம்பா என்று நாங்கள் சொல்லும் இழுவைப் பாட்டை ஒருவர் எடுத்துக் கொடுப்பார். அவர் சொல் முடிகிற இடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல் முடிவதற்குக் கொஞ்சம் முந்தி ஒன்று நடக்கும். குதிகால் மணலில் புதையும், எல்லோருடைய கையும் இறுகும், தொய்ந்து கிடந்த கயிறு நேராகி அதிலிருந்து தண்ணீர் முத்து முத்தாகச் சொட்டும். வலை ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்காது. ஆனால் கயிறு முழுக்க, கரையில் இருந்து மடிவரை, இழுக்கப் போகிறார்கள் என்பது தெரிந்திருக்கும். அந்த இறுக்கம் இல்லாமல் இழுத்தால் கை வெட்டும், வலை வராது.

இப்படித்தானா மகள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரளவுக்கு அப்படிச் சொல்லலாம் என்றாள். முழுக்க அப்படி என்று அவள் சொல்லவில்லை. கயிறு இறுகினால் வலைக்குத் தெரியும் என்றால், என் மச்சான் உதைப்பதாக நினைத்த உடனே கால் ஏன் உதைக்கவில்லை என்று கேட்டேன். மூளையே இன்னொரு பக்கத்தால் பிடித்து வைக்கிறதாம், இப்போது வேண்டாம் என்று. அப்போது எனக்கு இன்னொன்று நினைவு வந்தது. பெரிய இழுவை இழுத்த நாட்களில், தூக்கத்தில் என் கை கயிறு இழுக்கும். கலியாணம் முடித்த புதிதில் என் மனைவியின் போர்வை முழுக்க விடியும்போது என் பக்கம் வந்திருக்கும். இந்த மனுஷன் ஒருநாள் என்னையும் கரைக்கு இழுத்துப் போட்டுவிடுவார் என்று தன் உம்மாவிடம் முறைப்பாடு வைத்தாள். தூக்கத்தில் அந்தப் பிடி விட்டுப்போகிறதா என்று கேட்டேன். மிஸ் தனக்கு அது சரியாகத் தெரியாது என்றாள். தெரியாது என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. தெரிந்ததாகச் சொன்ன மற்றவற்றையும் அதற்குப் பிறகு கூட நம்பினேன்.

இன்னொன்று. தேநீர்க் கடையில் தொலைக்காட்சியில் பந்தடி போகும்போது நான் இப்போது பந்தைப் பார்ப்பதில்லை. வாங்குக்குக் கீழே கால்களைப் பார்க்கிறேன். கோலுக்குக் கிட்டப் பந்து போகும்போது ஒவ்வொரு செருப்பும் ஒரு துளி அசையும். நீங்களும் பாருங்கள்.

தொழுகையைப் பயிற்சியாக்க எனக்கு மனமில்லை. தொழுகை தொழுகையாகவே இருக்கட்டும் என்று விட்டேன். தொழுது முடித்த பிறகு, அதே கதிரையில், அதே மாதிரி உள்ளே இருந்துகொண்டு சகனுக்குப் போவேன். சோற்றின் சூடு விரல் நுனியில் முதலில் தெரியும். நெய்ப்பிசுக்கு. ஓரத்தில் இருந்து கொஞ்சம் சேர்த்து, இறைச்சியில் ஒரு துண்டைப் பிய்த்து, நாலு விரலில் கூட்டி அமர்த்தி, வாய்க்குக் கொண்டுபோய்ப் பெருவிரலால் தள்ளுவேன். ஒருநாள் கண்ணைத் திறந்தால் மனைவி முன்னால் நிற்கிறாள்.

"இஞ்சேருங்க, வாயத் தொறந்திக்கி இரிக்கிறீங்களே, பசிக்கிதா?"

நினைப்பு மட்டும் போதாது என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கையை மேசையில் உருட்ட வேண்டும், துணியைப் பிசைய வேண்டும், பயறு பொறுக்க வேண்டும். முதலில் உள்ளுக்குள், உடனே வெளியில். வெளியில் ஒன்றும் வராவிட்டாலும் மற்றக் கையால் தூக்கிவிட வேண்டும். ஒரே வழியை வெள்ளம் மூடினால் மாவடிப்பள்ளிச் சனம் வயல் வரம்பால் சுற்றி நடக்கிறதே, அப்படித்தான் மூளையும் கைக்குப் புது வழி தேடும், நடக்க நடக்கத்தான் புல் மிதிபட்டுப் பாதை தெரியும் என்றாள். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாது என்றும் சொன்னாள். நாள் போனாலே கொஞ்சம் தெளிகிற கைகளும் உண்டாம்.

முதலில் அசைந்தது பெருவிரல். நான் காணவில்லை. உள்ளே சோற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மனைவிதான் கண்டாள். கண்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்து, இன்னொரு பிடி தின்னுங்கள் என்றாள். தின்றேன். அவள் என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருநாள் வந்தது, கலியாணமும் வந்தது. அந்த நேரம் கை முழுக்கச் சரியாகியிருந்தது என்று நான் சொல்லவில்லை. தோளுக்குக் கொஞ்சம் எழும்பும், விரல் அரைவாசி மூடும், மூடினால் கெதியாகத் திறக்காது. வீட்டில் வைத்துச் சோற்றை அள்ளிப் பார்த்ததில் பெரும்பகுதி மடியில்தான் விழுந்தது. மனைவி அறைக்குள் பீங்கானும் கரண்டியும் கழுவி வைத்திருந்தாள். நான் கண்டேன்.

பந்தலுக்குள் பாயில் இருந்தேன். என் வலப்பக்கம் மச்சான். மற்ற நாலு பேரும் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள், மரியாதையான ஆட்கள். கெண்டியைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் வலது கையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். என் முறை வந்தபோது இடது கையால் வலது கையைத் தாங்கி நீட்டினேன். தண்ணீர் குளிர்ந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சகனை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார்கள். ஆவி எழும்பியது.

அந்த வட்டத்தில் மூத்தவன் நான். நான் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைக்க முடியும். பிஸ்மி சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இருந்து ஒரு பிடி அள்ளினேன். சூடு, நெய், அமர்த்துவது, தோளின் பாரம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. ஐந்து பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மச்சான் என் காதுப்பக்கம் குனிந்தான்.

"மனசுக்குள்ள எல்லாத்தையும் திண்டு முடிச்சிராத மச்சான். எங்களுக்கும் கொஞ்சம் வெய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை சோற்றுக்குப் போயிற்று. போகச் சொன்னது நானா, கயிறு ஏற்கெனவே இறுகியிருந்ததால் வலை தானாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விரல்கள் சோற்றில் புதைந்தன, அரைவாசி மூடின, எழும்பின. வழியில் கொஞ்சம் பாயில் சிந்தியது, கொஞ்சம் தாடியில் ஒட்டியது. மிச்சம் வாய்க்குள் போனது. பெருவிரல் தள்ளியது. உடனே மற்ற ஐந்து கையும் தட்டத்துக்குள் வந்தன. யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அவ்வளவு பசி. மச்சான் எனக்கு முன்னால் சிந்திக் கிடந்த சோற்றைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து என் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தான். நான் மெல்லத்தான் தின்றேன். சில பிடிக்கு இடது கை மணிக்கட்டைத் தாங்கியது, தட்டத்துக்கு வெளியில் நின்றுகொண்டு.

அந்தச் சோறு தின்னும்போதே எனக்கு ஒலுவில்காரரின் நினைவு வந்தது. நான் நிய்யத்து மட்டும் வைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துத்தான் அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். எனக்கு விளங்குவதற்கு முந்தியே போய்விட்டார். பேர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சில்லறைக் கடை, இடது கை, கடலுக்குக் கிட்ட வீடு என்பது மட்டும் தெரியும். மச்சானை ஒரு தரம் தேடி அனுப்பினேன், அவன் ஒலுவில் துறைமுகத்தில் யாருடனோ கதைத்துக்கொண்டு இருந்துவிட்டு மீனோடு திரும்பி வந்தான்.

அதனால் இதை வாசிக்கிறவர்கள், வாசிக்கக் கேட்கிறவர்கள், யாராவது அந்தப் பக்கம் போனால் அவரைக் கண்டு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். கை முழுக்க வந்துவிடும் என்று சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியாது. பக்கத்துக் கட்டில் கிழவன் செய்தது பிழை என்று சொல்லுங்கள். கட்டப் போகிறேன் என்று எண்ணிக்கொண்டு கிடக்காமல், கடைக்குள் போய், கடதாசியை விரித்து, சீனியைக் கொட்டி, இரண்டு கையாலும் மடித்து, நூலைச் சுற்றி, இடது விரலால் அமர்த்திக்கொண்டு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எல்லாம் உள்ளுக்குள். பிறகு எழும்பி இருந்து கையையும் அசைக்கச் சொல்லுங்கள். அவரைக் காணக் கிடைக்காவிட்டால், உங்களுக்குத் தெரிந்த யாராவது கையைப் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். அவர்களிடமாவது சொல்லிவிடுங்கள்.